எந்த வால்வு?

எங்கள் கடைக்கு வந்து "வால்வு ஒண்டு தாங்கோ" என்று கேட்டால் நான் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டேன். "எந்த வால்வு?" என்று திருப்பிக் கேட்பேன். இத்தனை காலமாக ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற மனிதனுக்கு இதுகூடத் தெரியாதா என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

கடை தெல்லிப்பழையில் இருக்கிறது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வருபவர் கேட்டால் அது பெரும்பாலும் ரியூபுக்குக் காற்றடிக்கிற வால்கட்டை. காலில் செம்மண்ணோடு வருபவர் கேட்டால் பூட் வால்வு. அது கிணற்றுக்குள்ளே, பம்புக் குழாயின் அடி நுனியில் கிடப்பது. மேலே ஏறின தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும். புது வீடு கட்டுபவருக்கு வேண்டியது, மேல்தாங்கி, அதுதான் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, நிறைந்ததும் தண்ணீரை நிறுத்துகிற மிதவை வால்வு. ஒருமுறை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். கடையில் இருந்த வால்வு அத்தனையையும் மேசையில் பரப்பவைத்துப் பார்த்துவிட்டு, தனக்கு வேண்டியது பழைய றேடியோவுக்குள் இருக்கிற கண்ணாடி வால்வு என்றார். அதற்கு நான் எங்கே போவேன்? அவருக்கு ஒரு பிளேன்ரீ எடுப்பித்துக் கொடுத்து, மனம் நோகாமல் அனுப்பிவைத்தேன்.

வெள்ளைக்காரன் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வேலை பார்த்திருக்கிறான் என்று பாருங்கள். காற்றோ தண்ணீரோ கரண்டோ, ஒரு பக்கம் போகவிட்டு மறுபக்கம் மறிக்கிற எதற்கும் அவனுக்கு அந்த ஒரே சொல்தான். கஷ்டப்படுகிறது நாங்கள்.

அதனால் கடையில் இரண்டு சட்டம் வைத்திருந்தேன். முதலாவது, பழசைக் கையில் கொண்டுவந்து காட்டவேண்டும். வாயால் சொல்லுகிற அளவை நான் நம்புவதில்லை. எங்கள் பக்கத்து மெக்கானிக்மாரும் பழசு விஷயத்தில் இப்படித்தான். எதை மாற்றினாலும் கழற்றின பழைய சாமானை உரியவரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். மாற்றினதற்கு அதுதான் சாட்சி. இரண்டாவது சட்டத்தைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் நான் ஓதியிருக்கிறேன். "பழசைத் திருத்தி வேலையில்லை. புதுசைப் போடுங்கோ."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.

போன வருஷம் ஒரு முற்பகல், மேல்தட்டில் இருந்த, குழாய் பொருத்துகிற எல்போப் பெட்டியை எடுக்க ஏணியில் ஏறினேன். நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. கண் இருண்டது. நல்லகாலம், விழுந்தது கயிற்றுக் கட்டுகளுக்கு மேலே. மனைவி என்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். இளம் டொக்டர் ஒருவர் நெஞ்சில் குழாயை வைத்து, பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி நெடுநேரம் கண்ணை மூடிக் கேட்டார். ஸ்கானும் எடுத்துப் பார்த்தார்.

"ஐயா, வால்வு பழுது. மாத்தவேணும்" என்றார்.

என் வாய்க்கு வேறு பேச்சுத் தெரியாது. "எந்த வால்வு?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துப் படம் கீறினார். "நாலு வால்வு இருக்கு ஐயா. இது இதயத்தாலை இரத்தம் வெளிய போற வாசல்லை இருக்கிறது. சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப்போச்சு, வடிவாய்த் திறக்குதில்லை. கெதியாய் மாத்தவேணும். தள்ளிப்போட்டால் ஒருநாள் திடீரெண்டு விழுவியள். பேந்து எழும்பாமலும் விடலாம்."

நெஞ்சைப் பிளந்துதான் மாற்ற வேண்டுமாம். பயந்துபோனேன். கடைக்காரன், நாலு பேருக்குப் புத்தி சொல்லுகிறவன், வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. வெங்காயச் சீசன் முடியட்டும், பூட் வால்வு விற்கிற நேரத்தில் கடையைப் பூட்ட ஏலாது என்று சாட்டுச் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்தவனின் மண்டைக்குள் ஒரே சொல் சுற்றிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு. சுண்ணாம்பைப் பற்றி எங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? எங்கள் கிணறுகள் எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டினவை. தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும், வெள்ளை வெள்ளையாகத் தடித்துப் படிந்திருக்கும். தாங்கி வால்வு இறுகிவிட்டது என்று வருகிறவர்களுக்கு நான் சொல்லுகிற வைத்தியம் ஒன்று உண்டு. தேசிக்காய்ப் புளிக்குள், அதாவது எலுமிச்சஞ் சாற்றுக்குள், ஊறப்போட்டால் சுண்ணாம்பு கரைந்து, வால்வு புதுசு மாதிரி அசையும்.

மறுநாள் காலையிலிருந்து தேசிக்காய்ப் புளி குடிக்கத் தொடங்கினேன்.

சீனி போடவில்லை, உப்பும் போடவில்லை. போட்டால் வேகம் குறைந்துவிடும் என்று ஒரு எண்ணம். கிணற்றடித் தேசி மரத்துக்குப் பல்லுத்தீட்டுகிற சாக்கில் போவேன். இரண்டு மூன்று காயைப் பிடுங்கி அங்கேயே பிழிந்து, முகத்தைக் கோணிக்கொண்டு விழுங்குவேன். பிறகு ஒன்றும் தெரியாதவன் போல வந்து ரீ குடிப்பேன். நெஞ்சு கொஞ்சம் லேசாக இருப்பது போலவும் தோன்றும். நம்பிக்கை என்பது அப்படித்தான், வயிறு எரிந்தாலும் மனம் குளிரும்.

மனைவிக்கு மரத்தில்தான் முதல் சந்தேகம் வந்தது.

"இஞ்சருங்கோ, தேசிக்காய் எங்கை போகுது? அணில் உதைத் தின்னுமோ?"

"இந்தக் காலத்து அணில் எல்லாம் தின்னும்" என்றேன்.

அடுத்த நாள் காலையில் அவள் அணிலைக் கையும் களவுமாகப் பிடித்தாள். கையில் பிழிந்த கோது, தாடையில் வழிகிற புளி. வேறு வழியில்லை. "உள்ளுக்கை படிஞ்சதைக் கரைக்கிறன்" என்று உண்மையைச் சொன்னேன். அவள் ஒரு கணம் விளங்காமல் நின்றாள். விளங்கியதும் சிரித்தாள். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள். மிச்சமிருந்த தேசிக்காயை அவளுடைய கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அந்தக் கிழமையே, மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியோடு அவள் கடைக்கு வந்தாள். அந்த நேரம் என் முன்னால் நின்றது பழைய வாடிக்கையாளர் ஒருவர். என்னைவிட மூத்தவர், வெங்காயத் தோட்டக்காரர். அவருடைய பூட் வால்வு எனக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் சைக்கிள் ரியூபை வெட்டி அதன் வாயில் ஒட்டுவார், கம்பியால் வரிவார், பிறகு கொண்டுவந்து என்னிடம் காட்டி, "இன்னும் ஒரு போகத்துக்கு நிக்கும் என்ன, தம்பி?" என்பார். அன்றும் அதே வால்வு, அதே கேள்வி.

நான் வெளுத்து வாங்கினேன்.

"அண்ணை, எத்தினை தரம் சொல்லுறது? பழசைத் திருத்தி வேலையில்லை. உது ஒருநாள் நடுத் தோட்டத்திலை உங்களைக் கைவிடும். பயிர் வாடின பிறகு புதுசு போட்டு என்ன பிரயோசனம்? என்னத்துக்குப் பயப்பிடுறியள்?"

பெட்டியை மேசையில் வைத்தபடி மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அண்ணைக்குச் சொல்லுறது சரி. இவருக்கு ஆர் சொல்லுறது?" என்றாள்.

கிழவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏன், தம்பி வீட்டிலையும் பம்பு பழுதோ?" என்று கேட்டார்.

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கல்லடி பெண்ணே என்பது அச்சொட்டாக எனக்கே செய்த பழமொழி. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கடையைப் பூட்டி, அவளோடு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை. இந்த வயதில் பஸ்ஸுக்குள் கையைப் பிடித்துக்கொண்டு போகிற மனிதர்களைக் கண்டால் நானே பகிடி பண்ணியிருப்பேன்.

டொக்டர் இரண்டு வகை இருக்கிறது என்றார். ஒன்று மாட்டின் சவ்வில் செய்தது. காலப்போக்கில் அதை மறுபடி மாற்ற வேண்டி வரலாம். மற்றது இரும்பு மாதிரி உறுதியானது, நெடுகக் கிடக்கும். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்கக் குளிசை போட வேண்டும்.

"கொஞ்சம் சத்தமும் கேக்கும்" என்றார்.

மாடு என்றதும், வெள்ளிக்கிழமை விரதக்காரியான மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கவே தேவையில்லை. சவ்வைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இரும்புச் சாமானில்தான் நான் பிழைத்தவன்.

"துருப் பிடிக்காதோ?" என்று கேட்டேன்.

"பிடிக்காது ஐயா."

"கரன்ரி இருக்கோ?"

"உங்களை விட நெடுகக் கிடக்கும்."

"அப்ப சரி. ஆனால் ஒண்டு, கழட்டின பழசை எனக்குத் தரோணும்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அது என்னத்துக்கு ஐயா?"

"எங்கடை வழக்கம்" என்றேன். மனைவி என் தொடையில் நுள்ளினாள். அதெல்லாம் பரிசோதனைக்குப் போய்விடும், கையில் தருவதில்லை என்று டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சாட்சி இல்லாமல் எப்படி நம்புவது என்ற குறையோடுதான் நான் ஒப்பரேஷன் மேசையில் போய்ப் படுத்தேன்.

கண் விழித்தபோது எங்கேயோ ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. டிக், டிக் என்று சின்னச் சத்தம். நேரம் பார்க்கலாம் என்று சுவர் சுவராகத் தேடினேன். மணிக்கூட்டைக் காணவில்லை. பக்கத்தில் நின்ற நேர்ஸ் பிள்ளையிடம் கையால் காட்டிக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு என் நெஞ்சைக் காட்டினாள்.

அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புதுப் பம்பைப் பூட்டி, கரண்ட் ஆளியைப் போட்டதும் குழாய் நிறையத் தண்ணீர் பாய்ந்து வருகிறதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். நான் இருக்கிறேன், எனக்கே கேட்கிறது. மனைவி வந்து கட்டில் ஓரத்தில் நின்றபோது அவளிடம் முதலில் என்ன சொல்வதென்று யோசித்தேன். வாய் வழக்கத்தை விடவில்லை.

"பழசைத் தந்தவையோ?"

"எழும்பினதும் உதுதானோ முதல் கதை?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புதுசு கிடந்து சத்தம் போடுது, அந்தச் சாட்சி காணாதோ?"

வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் திருவிழாதான். சுகம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் சத்தத்தைக் கேட்க ஆசை. தற்செயலாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். நான் வாயைத் திறந்துகொண்டு இருந்தால் சத்தம் இன்னும் பலமாக வெளியே வரும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் வாயைப் பிளந்து காட்டுவதே என் உத்தியோகமாகிவிட்டது. ஒரே நிபந்தனை, அந்த நேரம் நான் கதைக்கக் கூடாது. அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

வெங்காயத் தோட்டக்காரரும் ஒரு கத்தை கீரையோடு வந்தார். அந்தக் குளிசைக்குக் கீரை அளவோடுதான் தின்னலாம் என்று மனைவி சொன்னாள். அவர் அதை மாட்டுக்குப் போடச் சொல்லிவிட்டு, என் முகத்துக்கு நேரே காதைக் கொண்டுவந்தார். "வாயைத் திற, தம்பி." திறந்தேன். பம்பு பார்க்கிற அதே முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"வால்வு வடிவாய்ப் பிடிச்சிருக்கு. லீக் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். "நானும் மாத்திப்போட்டன், தெரியுமோ?"

"எங்கை வாங்கினியள்?"

"உங்கடை கடையிலைதான். தங்கச்சி தந்தவ. பழசைக் காட்டாமல் தரமாட்டன் எண்டு என்னைத் திருப்பி வீட்டுக்குக் கலைச்சுப்போட்டெல்லோ தந்தவ."

நான் படுத்திருந்த காலம் முழுக்கக் காலையில் கடையைத் திறந்தது மனைவிதான். அவள் "எந்த வால்வு?" என்று கேட்டால் என்னிடம் சுளிக்கிற ஆட்கள்கூட முகம் சுளிப்பதில்லையாம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில் வீட்டுக்குள் இரண்டு பிரச்சினை. ஒன்று, சமைக்கிற குசினிக்குள் இருந்த தண்ணீர்ப் பைப். அது ஒழுகத் தொடங்கிக் கனகாலம். ஹாட்வெயார்க்காரன் வீட்டுப் பைப் ஒழுகுகிறதென்றால் ஊர் சிரிக்கும். ஆனால் நாள் முழுக்க அதே சாமான்களோடு கிடந்துவிட்டு வருகிறவனுக்கு, வீட்டிலும் ஸ்பானரைத் தூக்க மனம் வராது. முன்பெல்லாம் மனைவி எப்போதாவது ஒருமுறை முணுமுணுப்பாள், விட்டுவிடுவாள். இப்போது தினமும் கேட்டாள்.

"உந்தப் பைப்பை ஒருக்காப் பாருங்கோவன். இல்லாட்டில் ஆரையும் கூப்பிடுவம்."

"என்ரை வீட்டுக்கு நான் பிளம்பரைக் கூப்பிடுறதோ? விசர்க் கதை கதையாதையும். நெஞ்சு எலும்பு பொருந்தட்டும், நானே செய்யிறன்."

அவள் ஒரு துண்டுச் சணல் கயிற்றைப் பைப்பின் வாயில் கட்டிவிட்டாள். துளி சொட்டாமல் கயிற்றின் வழியே சத்தமில்லாமல் இறங்கியது. கொஞ்ச நாளில் கயிறு இற்று விழும். மறுபடி கட்டுவாள். தண்ணீரில் இவளுக்கு இவ்வளவு கரிசனையா என்று நினைத்தேன்.

மற்றப் பிரச்சினை, விறாந்தைச் சுவரில் இருக்கிற மணிக்கூடு. நான் வீட்டுக்கு வந்த கிழமையே அது நின்றுவிட்டது. நான் கையை உயர்த்தக் கூடாதென்பதால் மனைவியைக்கொண்டு பற்றறி மாற்றுவித்தேன், ஓடியது. அடுத்த நாள் பார்த்தால் நின்றுகொண்டிருந்தது. கடையிலிருந்து இன்னொரு பற்றறி எடுப்பித்து அவளைக்கொண்டே போடுவித்தேன். அதுவும் அப்படியே. "என்னைத் திருத்திப்போட்டினம், உதைத் திருத்த ஏலாமல் கிடக்குது" என்று பகிடி விட்டேன். மனைவி அதற்குச் சிரிக்கவில்லை. அடுப்படியில் ஏதோ வேலை இருக்கிறதென்று போய்விட்டாள்.

கடைசியில், பாரம் தூக்கலாம், வழக்கமான வேலைகளைச் செய்யலாம் என்று டொக்டர் சொன்னார். அன்று மத்தியானமே ஸ்பானரை எடுத்தேன். பைப்பின் தலையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த சின்ன வால்வு, அதன் றப்பர் தேய்ந்து, விளிம்பு முழுக்கச் சுண்ணாம்பு. கையில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். என்னிடமிருந்து கழற்றினதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புதுசைப் போட்டு, இறுக்கி, தாங்கிக் குழாயைத் திறந்துவிட்டேன். ஒரு சொட்டு விழவில்லை.

மணிக்கூட்டையும் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கத்தைத் திறந்தேன். உள்ளே பற்றறியே இல்லை.

பற்றறி தானாகவா கழன்று போகும்? இந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு விறாந்தையின் மறுகோடிக்கு வந்தேன். மனைவி கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். கேட்க வாயெடுக்கிறேன், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. குசினிக்குள் பிரிட்ஜின் இரைச்சல் அடங்கியது. வெளியில் காகம்கூடக் கத்தவில்லை.

வழக்கத்தை விடக் கூடாது என்று, சட்டைப் பையில் இருந்த பழைய வால்வை எடுத்து அவளிடம் நீட்டினேன். "இந்தாரும் பழசு. மாத்திப்போட்டன். பாத்து எடும்."

அவள் வாங்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை.

"கொஞ்சம் கதையாமல் இருங்கோ" என்றாள்.

இருந்தேன். அவள் தலையை என் பக்கமாகச் சற்றுச் சாய்த்தாள்.

"பைப்பும் சொட்டும், மணிக்கூடும் அடிக்கும். அதுகளை நிப்பாட்டினாலும் விசிறியும் பிரிட்ஜும் இரையும். எது உங்கடை சத்தம் எண்டு எனக்குப் பிடிபடாது. குசினிக்கை நிண்டாலும் ஓடி ஓடி வந்து பாப்பன். நீங்கள் நித்திரை எண்டால் மூக்கிலை கை வைச்சுப் பாப்பன்." தலையை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். "இப்பதான் தனிய நீங்கள் மட்டும் கேக்குது."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரண்ட் வரும்வரை வாயைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.